வறுமையைக் கவிதையாக்கலாமா?
‘ராட்கேச்சர்’ திரைப்படமும் அதனை எதிர்கொண்ட திறனாய்வும்

ஏழைக் குழந்தையின் வாழ்வைச் சொல்லும் படைப்பு எதுவாயினும், அதனைக் கண்டவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது இரக்கம். இரக்கம் நல்லுணர்வே. ஆயினும் இரக்கத்தோடு நின்றுவிட்டால் படைப்பை நாம் மதிப்பிட்டவர் ஆகமாட்டோம். அவ்வாழ்வு எவ்வாறு சொல்லப்பட்டிருக்கிறது, சொன்ன முறை அவ்வாழ்வுக்கு நேர்மையாக இருக்கிறதா என்று வினவும்போதுதான் திறனாய்வு தொடங்குகிறது. இவ்வினாக்களை நன்கு எழுப்பிய ஒரு படைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, திறனாய்வாளர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம். அப்படைப்பு, ஸ்காட்லாந்து நாட்டு இயக்குநர் லின் ராம்சி 1999ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ராட்கேச்சர்’ என்னும் திரைப்படம். எலி பிடிப்பவன் என்பது அத்தலைப்பின் பொருள்.

கதை 1973ஆம் ஆண்டின் கிளாஸ்கோ நகரில் நிகழ்கிறது. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். குடியிருப்புகளின் முற்றங்களில் குப்பைப் பைகள் மலைபோல் குவிகின்றன, எலிகள் பெருகுகின்றன. படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் சன்னல் திரைக்குள் தன்னைச் சுற்றிக்கொண்டு மெல்லச் சுழல்கிறான். இவனே கதைத்தலைவன் என்று நாம் எண்ணுகிறோம். சில நிமிடங்களுக்குள் அவன் அருகிலுள்ள கால்வாயில் மூழ்கி இறந்துவிடுகிறான். அவனோடு விளையாட்டாய் மல்லுக்கட்டித் தள்ளிய பன்னிரண்டு வயது ஜேம்ஸ் கில்லெஸ்பியே உண்மையான கதைத்தலைவன். நடந்ததை அவன் எவரிடமும் சொல்வதில்லை. இறந்த சிறுவனுக்காக வாங்கிய காலணியை அவன் தாயே ஜேம்ஸிடம் கொடுக்கும்போது, ஜேம்ஸின் மௌனம் நம்மையும் அழுத்துகிறது. குடிப்பழக்கமுள்ள தந்தை, ஓயாது உழைக்கும் தாய், உடன்பிறந்த பெண்கள், புதிய நகராட்சி வீடு கிடைக்குமா என்னும் ஏக்கம் ஆகியவற்றினூடே படம் நகர்கிறது.

இப்படம் 1999இல் கேன்ஸ் திரைப்பட விழாவின் ‘அன் செர்ட்டேன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்டது. பின்னர், பிரிட்டனில் முதற்படத்தால் சிறப்புப் பெறும் புதியவர்களுக்கென அமைந்த கார்ல் ஃபோர்மன் பாஃப்டா விருது ராம்சிக்குக் கிடைத்தது. திறனாய்வாளருள் பெரும்பாலோர் ஒரு புதிய குரல் எழுந்துவிட்டது என வரவேற்றனர். ஆயினும் அவ்வரவேற்பு முற்றிலும் ஒரே குரலில் அமையவில்லை. அவ்விவாதத்தில் மூன்று வினாக்கள் நம் கவனத்திற்கு உரியவை.

முதல் வினா, இப்படம் எம்மரபைச் சேர்ந்தது என்பது. பிரிட்டனில் உழைக்கும் மக்களின் வாழ்வைத் திரையில் காட்டும் வலுவான மரபு ஒன்று உண்டு. கென் லோச் இயக்கிய ‘கெஸ்’ (1969), சுரங்கத் தொழிலாளர் ஊர்ச் சிறுவன் ஒருவன் வல்லூறு வளர்த்த கதையைச் சொல்லி, பள்ளியும் சமூகமும் அவனுக்கு இழைக்கும் அநீதியை வெளிப்படுத்துகிறது. மற்றொரு பக்கம், பில் டக்ளஸ் தம் இளமைக்கால வறுமையை ‘மை சைல்டுஹுட்’ (1972) முதலான மூன்று படங்களில் சொற்சிக்கனத்தோடும் நீண்ட மௌனங்களோடும் வடித்தார். ராம்சியின் படத்தைத் திறனாய்வாளர் பலர் இவ்விருவரோடும் ஒப்பிட்டனர். நாம் நோக்குங்கால், டக்ளஸின் வழிக்கே இப்படம் நெருக்கமானது. வேலைநிறுத்தம் ஏன் நிகழ்ந்தது, யார் பொறுப்பு என்பனவற்றை ராம்சி விளக்குவதில்லை. ஒரு சிறுவனின் கண்ணுக்குக் குப்பை என்பது விளையாட்டிடம். படைவீரர் வந்து அதனை அள்ளிச் செல்வது ஒரு வேடிக்கை. ராம்சி நிழற்படக்கலை பயின்றவர் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். உரையாடலைவிடக் காட்சியையே அவர் மிகுதியும் நம்புகிறார்.

இரண்டாம் வினா கடினமானது: வறுமையை அழகாகக் காட்டுவது முறையா? ஜேம்ஸ் ஒருநாள் பேருந்தில் ஏறி அதன் கடைசி நிறுத்தம் வரை செல்கிறான். அங்கே கட்டி முடிக்கப்படாத புதுவீடு ஒன்றைக் காண்கிறான். கண்ணாடி பொருத்தப்படாத அதன் சன்னலுக்கு அப்பால் பொன்னிறக் கதிர்வயல் விரிந்து கிடக்கிறது. சன்னற்சட்டம் ஓவியச் சட்டமாகிவிடுகிறது. சிறுவன் அதன் வழியே குதித்து வயலுக்குள் ஓடுகிறான். படத்தைப் போற்றியோர் தவறாது சுட்டும் காட்சி இது. இத்தகைய அழகு துன்பத்தின் கூர்மையை மழுக்கிவிடும் என ஒருவர் ஐயுறலாம். அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் காட்சி எங்கே வருகிறது என்பதை நோக்க வேண்டும். ஜேம்ஸ் மீண்டும் ஒருமுறை அவ்வீட்டுக்குச் செல்கிறான். அப்போது மழை பெய்கிறது; வீடு பூட்டப்பட்டிருக்கிறது. முன்பு கண்ட அழகை நாம் மறக்கவில்லை; ஆதலால்தான் பூட்டிய கதவு நம்மை வருத்துகிறது. அழகு இங்கே வறுமையை மறைக்கவில்லை; அச்சிறுவன் இழப்பது எத்தகையது என்பதை அளந்து காட்டுகிறது.

தமிழ்க் கவிதை மரபில் பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. கருப்பொருளை வெறும் பின்னணியாக நிறுத்தாமல், அதனுள் சொல்லாத பொருளை வைத்துக் காட்டுவதை உள்ளுறை என்கிறோம். இப்படத்தில் கால்வாய் அவ்வாறு செயற்படுகிறது. அது சிறுவர் விளையாடுமிடம். ஓர் உயிரைக் கொண்ட இடம். ஜேம்ஸின் தந்தை வேறொரு சிறுவனைக் காப்பாற்றும் இடமும் அதுவே. குற்றவுணர்வு என்னும் சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. கால்வாய் திரையில் தோன்றும்போதெல்லாம் அதனை நாம் உணர்கிறோம்.

மூன்றாம் வினா, கற்பனையின் எல்லை பற்றியது. கென்னி என்னும் சிறுவன் தன் வெள்ளெலியின் வாலைப் பலூனில் கட்டிப் பறக்கவிடுகிறான். அது விண்வெளியைக் கடந்து நிலவை அடைகிறது. அங்கே எலிகள் கூடி மகிழ்கின்றன. இதுவரை மண்ணில் ஊன்றிநின்ற படம் திடீரெனப் புராணக்கதை ஆகிவிட்டதே என்று கேட்போர் உண்டு. படத்தின் ஒருமையை அக்காட்சி குலைக்கிறது என்னும் அவர்தம் வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எனினும் பிள்ளைகள் எலிகளைக் கொன்று விளையாடும் ஒரு தெருவில், ஓர் எலிக்கேனும் விடுதலை உண்டு என நம்புவது கென்னியின் மனத்திற்கு இயல்பானதே. காட்சி அவன் மனத்தைக் காட்டுகிறது எனக் கொண்டால் குறை பெரிதும் நீங்கும்.

முடிவு பற்றியும் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை. ஜேம்ஸ் கால்வாயில் இறங்குகிறான். அடுத்து, அவன் குடும்பத்தார் வீட்டுப்பொருள்களைச் சுமந்து கதிர்வயலினூடே புதுவீட்டை நோக்கி வருகின்றனர். அவன் முகத்தில் புன்னகை. பின்னர் அவன் நீருக்கடியில் அமிழ்வதை மீண்டும் காண்கிறோம். வயற்காட்சி நிகழ்ந்ததா, மூழ்குபவனின் கனவா? மூழ்குபவனின் கனவே என்பது நம் கருத்து. ஆயினும் கதவைப் படம் முற்றாகச் சாத்தவில்லை.

ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று எஞ்சுகிறது. இப்படத்தின் மாந்தர் கிளாஸ்கோ வட்டார வழக்கில் பேசுகின்றனர். ஆகவே, ஆங்கிலப் படமாயிருந்தும் அமெரிக்காவில் அது ஆங்கிலத் துணையெழுத்துகளோடு திரையிடப்பட்டது. எல்லார்க்கும் புரியவேண்டும் என்று அச்சிறுவர் பேச்சைத் திருத்தியிருந்தால், அவர்தம் வாழ்வின் ஒரு பகுதியே திருத்தப்பட்டிருக்கும். வட்டார வழக்கில் அமைந்த கதைகளை வகுப்பில் படிக்கையில், மாணவர் அதனைப் பிழையென எண்ணி நகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வேளையில் இச்செய்தி உதவும்.

ஆகவே, இத்தகைய படைப்பைப் பற்றி எழுதப்புகும் மாணவர் “மனத்தை உருக்கியது” என்று எழுதி நிறுத்திவிடலாகாது. எக்காட்சி உருக்கியது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது, மாற்றுக் கருத்துடையோர்க்கு நம் விடை யாது என்று அடுத்தடுத்து எழுதவேண்டும். அவ்வாறு எழுதும்போது, ஏழைச் சிறுவன் ஒருவன் நம் இரக்கத்திற்கு மட்டும் உரியவனாக நில்லாமல், நம் முழுக் கவனத்திற்கும் உரியவன் ஆகிறான்.