மார்க்கச்சின் அடிக்கம்பி உறுத்துவது ஏன்?

சென்ற ஆண்டுக் கணக்குப் பரிசோதனையின்போது, ஆய்க்குடியை அடுத்த மகளிர் தையற் சங்கம் ஒன்றின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'திரும்பி வந்த சரக்கு' என்ற தலைப்பின்கீழ் மூன்று டஜன் உள்ளாடைகள் காணப்பட்டன. காரணம் எழுதவேண்டிய பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது. செயலாளர் அம்மாளை வினவினேன். அவர் சற்றுத் தயங்கி, கதவை ஒருக்களித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். மார்க்கச்சின் அடியில் வைத்துத் தைத்த எஃகுக் கம்பி, துணியைத் துளைத்து அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இத எப்படி மேடம் புஸ்தகத்துல எழுத?" என்றார் அவர்.

பள்ளிச் சீருடை தைப்பதில் நற்பெயர் எடுத்த சங்கம் அது. சோதனையாக ஏற்ற புதிய வேலையில் துணி, கம்பி, கொக்கி யாவும் சங்கத்தின் முதல். தைத்தவர்களுக்குக் கூலியும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே இப்பொருளைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். கடையில் 'பாடி' என்றும் 'பிரா' என்றும் வழங்கும் இவ்வாடையின் பெயரை நமது இதழில் அச்சில் காண நாணுவோர் இருக்கலாம். தறியிலும் தையற்பொறியிலும் நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்திருக்கும் நம் பெண் அங்கத்தினர்கள் அவ்வுறுத்தலைச் சொல்ல நாணியே பொறுத்துக்கொண்டிருக்கின்றனர் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்பை அடியிலிருந்து தாங்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் மேரி டூசெக் என்னும் பெண்மணி 1893-இல் இத்தகைய தாங்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1914-இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்ற கச்சு, இரண்டு கைக்குட்டைகளையும் ஒரு ரிப்பனையும் கொண்டு முதலில் தைக்கப்பட்டது. அதில் கம்பியே இல்லை. கம்பி வைத்த கச்சு 1930-களில் உருவாகி, 1950-களில் பரவலாயிற்று. நம் மாகாணத்தில் 1939-இல் சென்னையில் தோன்றிய நாயுடு ஹால், பருத்தித் துணியில் தைத்த கச்சுகளுக்குப் பெயர் பெற்றது. நல்ல வெட்டும் நல்ல தையலும் இருந்தால் கம்பியின்றியும் தாங்கல் கிடைக்கும் என்பதற்கு அத்தகைய பருத்திக் கச்சுகளே சான்று.

அப்படியானால் கம்பிக்கு என்ன வேலை? பாரத்தைக் கம்பி சுமக்கிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது விலாவைச் சுற்றி வரும் பட்டி. தோள்பட்டி அதற்குத் துணை. கம்பியோ வயலுக்கு வரப்புப் போன்றது. கிண்ணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை வகுத்து, அந்த எல்லை நகராமல் காப்பதே அதன் தொழில். சுற்றுப்பட்டி தளர்ந்திருந்தால் கம்பி கீழே இறங்கி விலா எலும்பில் உராயும். மூச்சு முட்டுமோ என்று அஞ்சித் தளர்ந்த பட்டியை வாங்கிவிட்டு, பிறகு தோள்பட்டியை இழுத்து இறுக்குவோர் பலர். தோளில் பள்ளம் விழுவது அதனாலேயே.

இங்கேதான் நெசவாளர்களுக்குத் தெரிந்த செய்தி ஒன்று வருகிறது. ஒரு துணித் துண்டைப் பாவின் போக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடையின் போக்கில் சற்று இசையும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாகவே நீளும். தையற்காரர் இதைக் கிராஸ் என்பர். கம்பி அமரும் முன்பகுதி நீளவே கூடாது. அங்கே பாவு உடம்பின் குறுக்காக ஓட வேண்டும். முதுகுப்புறப் பட்டியோ மூச்சுக்கு இசைந்து கொடுக்க வேண்டும். அதற்கு எலாஸ்டிக் கலந்த பின்னல் துணி தேவை. நான் கண்ட மூன்று டஜனில், துணி மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில், முன்பகுதி, பின்பகுதி எல்லாவற்றையும் ஒரே போக்கில் நெருக்கி வெட்டியிருந்தனர். மிச்சமானது சில கஜம். நஷ்டமானது முழுச் சரக்கு.

இனிக் கம்பியின் வடிவம். நல்ல அடிக்கம்பி உருண்டையாக இராது. தட்டையான எஃகுப் பட்டையாக இருக்கும். அகன்ற முகம் உடம்பைப் பார்த்து அமர்வதால், விலாவின் வளைவுக்கேற்ப எளிதில் வளையும். வில்லின் வடிவமோ எளிதில் விரியாது. அவ்வாறாயினும் அணியும்போது சுற்றுப்பட்டியின் இழுப்பால் கம்பியின் இரு முனைகளும் சிறிது அகலவே செய்யும். ஆதலால் உடம்பில் எடுத்த அளவைக் காட்டிலும் சற்றுக் குறுகிய கம்பியையே அமைப்பாளர் தேர்வர். படம் வரைவோர் பயன்படுத்தும் வளைகோலை மார்பின் அடிமடிப்பில் அமர்த்தி, அப்படியே காகிதத்தில் வைத்துக் கோடிட்டால் வேண்டிய வளைவு கிடைத்துவிடும். நடுமுனை மார்பெலும்பில் படிய வேண்டும். பக்கமுனை அக்குளின் நடுவை நோக்கி, மார்புத் தசை முடிந்த இடத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். கம்பி தசையின்மேல் ஏறி நின்றால் வலி நிச்சயம். எத்தனை மெத்தை வைத்தாலும் தீராது. நடுப்பகுதி எலும்பில் படியாமல் விலகி நின்றால், பெரும்பாலும் கிண்ணம் சிறியது என்று பொருள்.

உடம்பைத் தொடும் எந்த வன்பொருளுக்கும் விதி ஒன்றே. ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொண்டாற்றிவரும் அமர் சேவா சங்கத்தை அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. அங்கே செய்யப்படும் காலிப்பர் என்னும் கால்தாங்கியையும் நமது கம்பியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவ வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் விழும் அழுத்தத்தைப் பத்து மில்லிமீட்டரில் பரப்பினால் அது ஐந்தில் ஒன்றாகும். தண்ணீர்க்குடத்தின் அடியில் சும்மாடு வைக்கும் பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

கம்பிக்குச் சும்மாடு அதன் உறை. உறை என்பது குழல்போல் நெய்த ஒரு நாடா. நாடா என்றவுடன் தறிக்காரர்களுக்கு ஓடம் நினைவுக்கு வரும். நான் சொல்வது பாவாடை நாடாவின் இனம். இந்தக் குழல்நாடாவே வழக்கமாகத் தோற்கும் இடம். கம்பியின் முனை ஓயாமல் குத்திக் குத்தி இழைகளை விலக்கி வழி செய்துகொள்ளும். இலங்கையில் பெரும் ஆலை நடத்தும் ஸ்ட்ரெட்ச்லைன் என்னும் நிறுவனம் இதற்கு நெசவிலேயே தீர்வு கண்டது. தாங்கும் இழைகளோடு, சூட்டில் உருகும் இழை ஒன்றையும் சேர்த்து நெய்கின்றனர். சூடேற்றியதும் அவ்விழை உருகி மற்ற இழைகளைப் பிணைத்துக் கம்பி புகமுடியாத தடுப்பாகிவிடுகிறது. ஃபோர்டிடியூப் என்பது அதன் வணிகப் பெயர். இதன் காப்புரிமைக்காக 2010-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. ஒரு விரற்கடை அகலமுள்ள நாடாவுக்காக நீதிமன்றம் ஏறினர் என்பதை, நாடா நெய்வது அற்ப வேலை என்று கருதும் அங்கத்தினர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

அத்தகைய நாடா நமக்கு எட்டாவிட்டாலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உறை கம்பியைவிட நீளமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழக் கால் அங்குலம் விட்டு, அதன்பின் குறுக்குத் தையல் போட்டு அடைக்க வேண்டும். கம்பி அசைய இடமிருந்தால் குத்தாது. நமது சங்கத்தார் கம்பியின் அளவுக்கே உறையை அடைத்திருந்தனர். முனைகளில் பிளாஸ்டிக் மூடியும் இல்லை. போதாதற்கு, துவைப்பவர் புடைவையைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிய, முதல் சலவையிலேயே கம்பி வெளிவந்துவிட்டது. முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும்; சுடுநீரும் கடும் வெயிலும் எலாஸ்டிக்கின் பகைவர்.

குற்றாலத்துச் சாரலில் நனைந்து வரும் பெண்கள் கேட்கும் கேள்வி வேறு: கம்பி துருப்பிடிக்காதா? நைலான் பூச்சுச் சிதைந்த சாதாரண எஃகு துருப்பிடிக்கவே செய்யும். கடலுப்பும் நீச்சற்குளத்துக் குளோரினும் இன்னும் விரைவில் அரிக்கும். ஆகவே நீச்சலுடையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கம்பி வைப்பர். தாங்கல் சிறிது குறைவு, இசைவு அதிகம். வளைத்தாலும் பழைய வடிவுக்கே திரும்பும் நிக்கல்-டைட்டானியக் கலவைக் கம்பியை 1980-களில் ஜப்பானில் கச்சில் பயன்படுத்தினர். விலை கருதி நமக்கு அது வேண்டாம்.

கம்பியால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் உலவுகிறது. அமெரிக்காவின் ஃபிரெட் ஹட்சின்சன் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், கம்பியுள்ள கச்சுக்கும் அந்நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. எனினும் பாலூட்டும் தாய்மாரும், மார்பில் அறுவை செய்துகொண்டோரும் இறுக்கும் கம்பியைத் தவிர்ப்பது நலம்.

சென்ற மாதம் அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றேன். ஆறு மாதிரிகள் புதிதாகத் தைத்து, அங்கத்தினர் அறுவரே ஒரு வாரம் அணிந்து தையற்பொறியில் வேலை செய்து பார்த்திருக்கின்றனர். இம்முறை பதிவேட்டின் பத்தி வெறுமையாக இல்லை. "கம்பி வெளிவரவில்லை. ஒருவருக்கு இடப்பக்க முனை உறுத்துகிறது, அடுத்ததில் கம்பி சற்றுக் குட்டையாக வைக்கவும்" என்று செயலாளர் அம்மாள் தம் கையாலேயே எழுதியிருந்தார்.