டாக்டருக்குப் படிக்கும் முன் எந்த வேலைக்குப் போவது?

கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரம். உறுப்பினர் ஒருவர் வழிமறித்தார். பின்னால் அவர் மகள்.

“அண்ணே, இவ எஸ்.டி.பி.எம். எழுதிட்டா. டாக்டருக்குப் படிக்கணுமாம். யுனிவர்சிட்டி திறக்கிற வரைக்கும் ஷா ஆலம் பேக்டரிக்குப் போனா ஓவர்டைமோட நல்ல காசு. இவ பிரிக்பீல்ட்ஸ்ல கிளினிக்குக்குத்தான் போவேங்கிறா. அங்க முழுநேர வேலைக்கு 1,400 வெள்ளிதானாம். நீங்களே சொல்லுங்க.”

பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “மாமா, அம்மா மருந்தடிச்ச காலத்துல நகமெல்லாம் கறுத்துப் போச்சு. ஏன்னு கேட்க ஆளில்ல. நோயாளி பக்கத்துல நிக்க எனக்கு முடியுமான்னு இப்பவே பார்த்துக்கணும்.”

தோழர்களே, இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவப் படிப்பு 5 வருடம். அதற்கப்புறம் ஹவுஸ்மேன் 2 வருடம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் புத்தகம், சாப்பாடு, கைச்செலவு யார் பார்ப்பது? அப்பா காசைப் பேசாமல் வேறெதைப் பேசுவார்?

ஆனால் அந்த 1,400 வெள்ளியை நான் விடவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் இது கட்டாயம். ‘சின்ன கிளினிக்தானே’ என்ற பேச்சு செல்லாது.

வேலைக் கடிதம் கேளுங்கள். இ.பி.எப்., சொக்சோ வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். கிளினிக்கில் கையில் ஊசி குத்தினால் அதுவும் வேலை விபத்துதான். கையுறை கொடுக்காத இடத்தில் நிற்க வேண்டாம்.

பேக்டரி வேலை கேவலமில்லை. வீட்டில் கடன் நெருக்கினால் அதற்கே போகட்டும். விடுமுறை நாளில் செஞ்சிலுவை போன்ற நமது செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி பழகலாம். பிரிக்பீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. தொண்டுக்கு ஆள் வேண்டுமா என்று விசாரிக்கலாம். நேர்முகத்தில் ‘ஏன் டாக்டர் ஆகணும்?’ என்று கேட்டால், பார்த்ததைச் சொல்லும் பிள்ளை தடுமாறாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எந்த வேலையானாலும் யு.பி.யு. விண்ணப்பத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஓவர்டைம் அசதியில் தேதி தவறினால் ஒரு வருடம் போச்சு. டாக்டர் படிப்போடு, இடம் கிடைக்காவிட்டால் படிக்க வேறு படிப்புகளையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுவாரம் போன் வந்தது. பிள்ளையே போய்ப் பேசியிருக்கிறாள். கிளினிக் 1,700 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டு கடிதமும் கொடுத்துவிட்டதாம்.

“கிள்ளான்ல கொமுட்டர் ஏறினா சென்ட்ரல்ல இறங்கிடலாம், அண்ணே. விடியக்காலையில நானே ஸ்டேஷன்ல விட்டுட்டுப் பெரட்டுக்குப் போறேன்” என்றார் அப்பா.