உடம்பு வலிக்கு 'செட்' மாத்திரையா? கிட்னி பத்திரம்!

"நடவு முடிந்து வீட்டுக்கு வந்தால் இடுப்பும் முட்டியும் கடுக்கிறது. மெடிக்கலில் 'செட்' மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறேன். இதனால் கெடுதல் உண்டா?" கம்மாபுரம் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எப்போதாவது ஒருநாள் என்றால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. தினமும் என்றால் ஆபத்துதான்.

'செட்'டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் பாதிப்பு இன்னும் கூடும். வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணும் வரலாம். பிரித்துக் கொடுப்பதில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

இந்த டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குப் போட 2006-ல் மத்திய அரசு தடை விதித்தது. மருந்து போட்ட மாடு செத்தபின், அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததே காரணம். மனிதருக்கு அது அந்த அளவு நஞ்சு இல்லை. ஆனால், அடி விழும் உறுப்பு அதேதான்.

தமிழக விவசாயத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைக்கும் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

* பெயர், காலாவதி தேதி தெரியும்படி அட்டையோடு வாங்குங்கள். சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

* சாதாரண வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும். அடுத்ததற்கு 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சளி, காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடி கல்லீரல் கெடலாம். மது குடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

* ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, அல்சர், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தொடக்கூடாது.

* வயலுக்குப் போகும்போது தண்ணீரோ நீராகாரமோ, மோரோ எடுத்துப் போய், தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்.

3 நாளுக்கு மேல் வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, முகம், கால் வீங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். சிறுநீரகம் போனால் திரும்பாது.