காலி நாற்காலிக்கு என்ன விலை?

கால்பந்து ரசிகர்களிலே இரண்டு வகை உண்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் ஒரு வகை. "போகலாமா, வேண்டாமா?" என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் இன்னொரு வகை.

சென்னை மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது வகைதான் அதிகம். அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏற வேண்டும். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் தாண்டி, பூங்கா ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சென்டிரல் பக்கம் ரோட்டைக் கடந்து பெரியமேடு வரை நடந்தால் நேரு ஸ்டேடியம் வந்துவிடும்.

போவது சுலபம். திரும்புவதுதான் பாடு! பந்தயம் இரவு ஏழரை மணிக்கு ஆரம்பித்தால், முடிய ஒன்பதரை ஆகிவிடும். தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரெயில் பிடிக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் வேறு!

வீட்டுக்கு வீடு வாதம்

கோப்பைப் பந்தயம் ஒன்று வரப் போகிறது என்றால், கால்பந்து பிடித்த வீடுகளில் வாதம் தொடங்கிவிடும்.

"டிக்கெட் இருநூறு ரூபாய் என்றே வைத்துக்கொள். நாலு பேருக்கு எண்ணூறு. ரெயில், டீ, சுண்டல், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டில் டெலிவிஷன் இருக்கும்போது இது எதற்கு?" என்பார் தகப்பனார்.

"அப்பா, டெலிவிஷனில் பந்துதான் தெரியும். பந்து இல்லாத இடத்தில் ஓடுகிற ஆளைப் பார்க்க முடியுமா? ஸ்டேடியத்தில்தான் முழு ஆட்டமும் தெரியும்" என்பான் மகன்.

பக்கத்து வீட்டு மாமா சும்மா இருப்பாரா? "டிக்கெட்டைச் சும்மாவே கொடுக்கட்டுமே! கூட்டம் தானாக வரும்" என்பார்.

"ஓசியில் வாங்கிய டிக்கெட்டை எத்தனை பேர் மதிக்கிறார்கள், மாமா? மழைத் தூறல் விழுந்தால் போதும், மேஜை மேலேயே கிடக்கும்" என்று வரும் பதில்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் மைதானம் காலியாகக் கிடப்பதற்கு டிக்கெட் விலைதான் காரணமா? வேறு காரணம் உண்டா?

ஒரு சின்னக் கணக்கு

பத்தாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 300 ரூபாய். 3,000 பேர் வருகிறார்கள். வசூல் 9 லட்சம் ரூபாய்.

அதே மைதானம். டிக்கெட் 100 ரூபாய். 9,000 பேர் வருகிறார்கள். வசூல் அதே 9 லட்சம் ரூபாய்!

பணத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆட்டம் பார்த்தவர்களில் 6,000 பேர் வித்தியாசம். அந்த ஆறாயிரத்தில் எத்தனை சிறுவர், எத்தனை சிறுமியர்! அவர்களில் நூறு பேர் மறுநாள் தெருவில் பந்து உதைக்க ஆரம்பித்தால் அது அந்த ஊருக்கு லாபம் அல்லவா?

"விலையைக் குறைத்தால் 9,000 பேர் வருவார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?" என்று பந்தயம் நடத்துகிறவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் சரிதான். மைதான வாடகை, விளக்கு வெளிச்சம், போலீஸ் பந்தோபஸ்து, ஆட்டக்காரர் சம்பளம் என்று செலவுகள் வரிசையாக நிற்கின்றன. ஆட்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு செலவுதான்.

கேப்டன் விடுத்த அழைப்பு

விலை மட்டும்தான் காரணமா என்பதற்கு 2018-ம் ஆண்டு மும்பையில் ஒரு பதில் கிடைத்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அங்கே நான்கு நாடுகள் கலந்துகொண்ட கண்டங்களுக்கு இடையேயான கோப்பைப் பந்தயம் நடந்தது. ஜூன் 1-ந் தேதி முதல் ஆட்டம். இந்தியா, சீன தைபே அணியை 5-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். பிரமாதமான வெற்றி! பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2,569 பேர்!

மறுநாள் சேத்ரி ஒரு காரியம் செய்தார். கை கூப்பி ரசிகர்களை அழைத்து, செல்போனில் பரவும்படி ஒரு படம் வெளியிட்டார். 'எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள்' என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கிரிக்கெட் வீரர்கள் சச்சின் டெண்டுல்கரும் விராட் கோலியும் அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள்.

ஜூன் 4-ந் தேதி கென்யாவுடன் ஆட்டம். சேத்ரிக்கு அது நாட்டுக்காக ஆடும் 100-வது பந்தயம். மழை கொட்டியது. ஆனாலும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. 8,990 பேர் நனைந்துகொண்டே பார்த்தார்கள். இந்தியா 3-0 என்று ஜெயித்தது. சேத்ரி இரண்டு கோல். இன்னொரு கோல், நம் சென்னையின் எப்.சி. அணிக்காக ஆடிய ஜேஜே லால்பெக்லுவா போட்டது.

மூன்றே நாள் இடைவெளி. மைதானம் மாறவில்லை, அணியும் மாறவில்லை. கூட்டம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. "நீங்கள் வந்தால்தான் நாங்கள்" என்று கூப்பிட ஆள் இருந்ததுதான் காரணம்.

2 ரூபாய் டிக்கெட் 15 ரூபாய்!

சொந்த அணி என்ற நினைப்பு வந்துவிட்டால் மக்கள் விலையைப் பார்ப்பதில்லை. இதற்குப் பழைய சாட்சி கல்கத்தா.

1911-ம் ஆண்டு ஜூலை 29. ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதிப் பந்தயம். மோகன் பகான் அணியும், ஈஸ்ட் யார்க்ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியும் மோதின. மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள்.

பந்தயம் பார்க்க ரெயிலிலும் நீராவிப் படகிலும் மக்கள் வந்து குவிந்தார்கள். 60 ஆயிரம், 80 ஆயிரம் என்று கூட்டத்துக்குக் கணக்குச் சொல்வார்கள். இரண்டு ரூபாய் டிக்கெட் கள்ள மார்க்கெட்டில் 15 ரூபாய்க்குக் கை மாறியது என்பது அந்தக் காலத்துச் செய்தி. பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. அவர்களுக்காகப் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம்! மோகன் பகான் 2-1 என்று வென்றது. அடிமை நாட்டில் அது வெறும் விளையாட்டு வெற்றியாகவா இருந்திருக்கும்?

அதே ஊரில் 1997-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி பெடரேஷன் கோப்பை அரை இறுதி நடந்தது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 4-1 என்று தோற்கடித்தது. பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அன்று இருந்தவர்கள் 1,31,781 பேர்!

தலைக்கு ஒரு சீட்டு

"எல்லோரையும் இலவசமாக விட்டுவிடலாம்" என்ற மாமாவின் யோசனைக்கு 1923-ல் லண்டன் பதில் சொன்னது.

அந்த ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி வெம்பிளி ஸ்டேடியத்தில் முதன்முதலாக எப்.ஏ. கோப்பை இறுதிப் பந்தயம். முன்கூட்டியே எல்லோருக்கும் டிக்கெட் விற்கவில்லை. வாசலில் காசு கொடுத்து வரலாம் என்று விட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 1,26,047 பேர். சுவர் ஏறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். ஆடுகளமே தெரியவில்லை! பில்லி என்ற குதிரை மேல் வந்த போலீஸ்காரர், மற்றப் போலீசாருடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கூட்டத்தை ஓரம் கட்டிய பிறகே ஆட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு, டிக்கெட் முன்னதாக வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு துயரம் உண்டு. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் பந்தயத்தின்போது கலவரமும் நெரிசலும் ஏற்பட்டு 16 ரசிகர்கள் உயிர் இழந்தார்கள்.

ஆகவே டிக்கெட் என்பது காசு வாங்க மட்டும் அல்ல. உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணிக் காப்பதற்கும் அதுதான் கருவி. இலவசமாகவே கொடுத்தாலும் தலைக்கு ஒரு சீட்டு இருக்கத்தான் வேண்டும்.

77-வது நிமிஷம்

ஐரோப்பாவில் நோய் வேறு. அங்கே மைதானம் நிரம்பி வழிகிறது. விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

2016-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் சங்கம், அடுத்த சீசனில் மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தது. பிப்ரவரி 6-ந் தேதி சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. 77-வது நிமிஷம் வந்ததும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள்! அதன் பிறகு லிவர்பூல் இரண்டு கோல் வாங்கியது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உயர்வைக் கைவிட்டார்கள்.

அதே வாரம் ஜெர்மனியிலும் கலாட்டா. ஜெர்மன் கோப்பைக் கால் இறுதி ஸ்டட்கார்ட் நகரில் நடந்தது. டிக்கெட் விலையைக் கண்டித்து டார்ட்மண்ட் ரசிகர்கள் வேண்டுமென்றே தாமதமாக உள்ளே வந்து, டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசினார்கள்.

2026 உலகக் கோப்பைக்கும் இதே சண்டைதான். இறுதிப் பந்தயத்துக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் விலை என்று தெரிந்ததும் உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். 2025 டிசம்பரில், 60 டாலர் விலையில் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குவதாக உலகக் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்தது.

பணக்காரர் மட்டும் உட்கார்ந்தால் நாற்காலி நிரம்பும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாட்டுப் பாடி அணியை வளர்த்தவன் வெளியே நிற்பான். அந்த ஊர் ரசிகர்களின் கோபம் அதுதான்.

சென்னைக்கு வந்த சோதனை

நம் சென்னை ரசிகருக்கோ, என்ன விலை கொடுத்தாலும் பார்க்க முடியாத நாட்களும் வந்தன.

2015 டிசம்பர் வெள்ளத்தை மாம்பலத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வீட்டுச் சாமான்களை வாரி மேலே வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தியன் சூப்பர் லீக் அரை இறுதியில் சென்னையில் நடக்க வேண்டிய பந்தயம் புனேவுக்குப் போய்விட்டது. டிசம்பர் 12-ந் தேதி கல்கத்தா அணியை 3-0 என்று சென்னையின் எப்.சி. வென்றது. 20-ந் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை நம் கைக்கு வந்தது. வெள்ளத்தில் நொந்த ஊருக்கு அது ஒரு மருந்து. ஆனால் ஊர்க்காரர்கள் நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

2019 மார்ச் 13-ந் தேதி ஏ.எப்.சி. கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரணி, பக்கத்துக் கடலுக்கு அப்பால் உள்ள கொழும்பு. நம் அணிக்கு அது 'சொந்த மண்' பந்தயம். நடந்த இடமோ ஆமதாபாத்! நம் அணி 1-0 என்று ஜெயித்தது. பூங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பார்க்க வேண்டியதை டெலிவிஷனில் பார்த்தார்கள் சென்னை ரசிகர்கள்.

1993-ல் நேரு கோப்பைப் பந்தயத்துக்காகப் புதுப்பித்துக் கட்டிய ஸ்டேடியம் பெரியமேட்டில் இருக்கிறது. அணியும் ரசிகரும் அங்கே சந்திக்க வேண்டும். சந்திப்பு விட்டு விட்டு நடந்தால் பழக்கம் அறுந்துவிடும். ஒரு பையன் பத்து வயதில் மைதானத்தின் இரைச்சலைக் கேட்கவில்லை என்றால், இருபது வயதில் அவன் டிக்கெட் வாங்குவான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

யார் என்ன செய்யலாம்?

நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது பல உண்டு. மைதானத்தில் ஒரு பகுதியையாவது மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் குறைந்த விலையில் ஒதுக்கலாம். முடிந்த வரை சனி, ஞாயிறில், பொழுது சாயும் நேரத்தில் பந்தயம் வைக்கலாம். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் எல்லோருக்கும் குடிதண்ணீரும் இருந்தால் தாய்மார்கள் தயங்க மாட்டார்கள். வீரர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை அழைக்கலாம். அழைப்புக்கு என்ன மதிப்பு என்பதை மும்பை காட்டிவிட்டதே!

ரசிகருக்கும் ஒரு கடமை இருக்கிறது. விலை நியாயமாக இருக்கும்போதும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டு, "நம் ஊரில் கால்பந்து வளரவில்லையே!" என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை. வருஷத்தில் ஒரு பந்தயமாவது போதும். வீட்டில் நாலு பேரும் போக முடியாவிட்டால், சின்னவனையோ சின்னவளையோ மட்டும் அழைத்துக்கொண்டு ஒருவர் போய் வரட்டும்.

அந்தப் பிள்ளை ரெயிலில் தூங்கிக்கொண்டே திரும்பும். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொல்லும். அடுத்த பந்தயத்துக்கு அந்த நாலு பேரும் தங்கள் அப்பாவிடம் வாதாடத் தொடங்குவார்கள்.