குளிர் தெளிப்பு முறையில் உலோகப் பூச்சு

உலோகத்தை உருக்கித் தெளிக்கும் முறைகளில், உருகிய துளிகள் பறந்து செல்லும்போதே ஆக்சிஜனுடன் சேர்ந்து கெடுகின்றன. குளிர் தெளிப்பு முறையில் உலோகத் தூள் உருகுவதே இல்லை. அழுத்தப்பட்ட வாயு, இடை குறுகிப் பின் விரியும் குழலின் வழியே ஒலியை விஞ்சிய வேகத்தில் பாய்கிறது; அதில் கலந்து செல்லும் துகள்கள் பரப்பின்மீது மோதித் தட்டையாகி ஒட்டிக்கொள்கின்றன. 1980-களில் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரில், பாப்பிரின் என்பாரும் அவருடைய குழுவினரும் காற்றோட்டம் பற்றிய ஆய்வு ஒன்றை நடத்துகையில் தற்செயலாகக் கண்டது இது.

எல்லாம் வேகத்தைப் பொறுத்தவை. செம்புத் துகள் ஒட்டுவதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேற்பட்ட வேகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் துகள் தெறித்து விழும். மணல் வீச்சுப் போலப் பரப்பை அரிக்கவும் செய்யும். வேகம் போதுமானால், மோதலில் துகளின் மேலுள்ள ஆக்சைடுப் படலம் உடைந்து விலக, தூய உலோகம் தூய உலோகத்தைத் தொடுகிறது.

‘குளிர்’ என்னும் பெயர் சற்று மயக்கம் தருவதே. வாயுவைப் பல நூறு டிகிரி வரை சூடாக்குகின்றனர். தூளை உருக்குவதற்கன்று, சூடான வாயு விரைந்து பாயும் என்பதற்காக. ஆயினும் சூடு மிகுந்தால் அலுமினியம் போன்ற மென்உலோகங்கள் குழலின் உட்சுவரிலேயே படிந்து அதை அடைத்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் வாயு அடர்த்தியாகித் துகளை வலுவாக இழுத்துச் செல்லும். நைட்ரஜனைவிட ஹீலியம் மிகுந்த வேகம் தரும். ஆனால் அதன் விலை அதிகம். இந்தியா ஹீலியத்தை இறக்குமதி செய்தே பெறுகிறது. ஆகவே நைட்ரஜனையே உயர் அழுத்தத்தில் சூடாக்கிப் பயன்படுத்துவது நமக்கு ஏற்றது எனலாம்.

கருவியின் அளவுமானிகளை மட்டும் கவனிப்போர் தூளை மறந்துவிடுகின்றனர். 5 முதல் 50 மைக்ரான் வரையுள்ள துகள்களே பொதுவாக ஏற்றவை. மிக நுண்ணியவற்றைப் பரப்பின் முன் எழும் அதிர்வலை வேகம் குறைத்து விலக்கிவிடும். பெரியவை போதிய வேகம் பெறா. ஈரத்தில் வைக்கப்பட்டு ஆக்சைடு ஏறிய தூள், ஒட்டுவதற்கு இன்னும் அதிக வேகம் கேட்கும். குழலைச் சில சென்டிமீட்டர் தொலைவில், பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்தல் நன்று.

ஹெலிகாப்டர்களின் மக்னீசியப் பற்சக்கரப் பெட்டிகள் அரிப்புற்றால் விலையுயர்ந்த அப்பகுதியைக் கழித்துவிட நேரும். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் அவற்றை அலுமினியத் தூள் தெளித்துச் சீராக்கும் வழியை உருவாக்கியது. மக்னீசியம் எளிதில் தீப்பற்றக்கூடியதாதலின் உருக்கும் முறைகள் அங்கு எளிதில் பொருந்துவதில்லை. நம் நாட்டில், ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல், புதுப்பொருள்கள் ஆகியவற்றுக்கான பன்னாட்டு உயர் ஆராய்ச்சி மையம் இம்முறையில் ஆய்வு நடத்தி வருகிறது.

தெளித்தவுடன் பூச்சு கடினமாயிருக்கும்; ஆனால் வளைத்தால் விரிசல் காணும். செம்புப் பூச்சைப் பின்னர் பதமாகச் சூடாக்கினால் நெகிழ்வும் மின்கடத்து திறனும் பெருமளவு மீள்கின்றன.