தீர்தலும் கிட்டாமையும்: சிறு வானூர்திகளில் எரிபொருள்

தனியார் ஓட்டும் சிறு வானூர்தியின் பொறி, எரிபொருள் காரணமாக நடுவானில் நின்றுபோவது இருவகைப்படும். ஊர்தியில் எரிபொருளே இல்லாமற் போவது ஒன்று. தொட்டியில் எரிபொருள் இருந்தும் அது பொறியை வந்தடையாமை மற்றொன்று. விபத்து ஆய்வாளர் இவ்விரண்டையும் வெவ்வேறு கலைச்சொற்களால் பிரித்தே எழுதுவர். நாமோ பொதுவழக்கில் இரண்டையும் ‘எரிபொருள் பற்றாக்குறை’ என்று சொல்லி அமைகிறோம். நிறைந்த தொட்டியோடு விழுந்த ஊர்திக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் முன்னதை எரிபொருள் தீர்தல் எனவும், பின்னதை எரிபொருள் கிட்டாமை எனவும் இவ்வுரையில் வழங்குவோம்.

தீர்தல் பெரும்பாலும் கணக்குப் பிழை. அமெரிக்க விதிப்படி, கண்பார்வையைக் கொண்டு பறப்போர் சேருமிடத்தை அடைந்த பின்னும் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கப் போதிய எரிபொருளைக் கணக்கில் வைத்தே புறப்படல் வேண்டும். எதிர்க்காற்று அக்கணக்கைக் குலைக்கும். தொட்டியின் கொள்ளளவும் ஏமாற்றும்: செஸ்னா 172எஸ் ஊர்தி கொள்வது 56 கேலன், பொறிக்குப் பயன்படுவது 53 மட்டுமே.

கிட்டாமை இதனினும் விந்தையானது. இறக்கை மேலே அமைந்த செஸ்னாவில் எரிபொருள் தன் எடையாலேயே கீழிறங்கும். இரு தொட்டிகளையும் ஒருங்கே திறந்துவைக்கலாம். இறக்கை கீழே அமைந்த பைப்பர் செரோக்கியில் எக்கி உறிஞ்ச வேண்டும். இரண்டும் திறந்திருக்க ஒன்று வற்றினால் எக்கி காற்றையே இழுக்கும். ஆகவே இடம் அல்லது வலம் என ஒன்றையே தேர்ந்து, நேரம் பார்த்து மாற்றிக்கொண்டிருப்பது வானோடியின் கடமை. மறந்தால், ஓர் இறக்கையில் எரிபொருள் நிறைந்திருக்கவே பொறி அடங்கும்.

மறதியின்றியும் இது நேரும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் முடிவு சான்று. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் அவரது லாங்-ஈஸி ஊர்தி விழுந்தது. அவர் 2,700 மணி நேரத்திற்கும் மேல் பறந்து பழகியவர், இவ்வூர்திக்கோ புதியவர். பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் தொட்டி மாற்றும் பிடி வானோடியின் கால்களுக்கு இடையே இருந்தது. ஊர்தியைக் கட்டியவர் அதனை இடத் தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். எட்டிப் பிடிக்க உடலைத் திருப்ப வேண்டும். திருப்பினால் வலக்கால் சுக்கான் மிதியை அழுத்திவிடும். எரிபொருள் அளவுகாட்டிகளோ பின்னிருக்கைப் பகுதியில் இருந்தன. பிடி எட்டவில்லை என்பதைப் புறப்படுமுன்பே டென்வர் அறிந்திருந்தார். ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகக் கூறி எரிபொருள் நிரப்பவும் வேண்டாம் என்றார்.

இதனை ‘வானோடியின் கவனக்குறைவு’ என்று முடித்துவிடுவது முறையன்று என்பது நம் கருத்து. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருள் நிரப்பாமையையும் பிடியைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு இழந்ததையும் காரணமாகக் கூறியதோடு, பிடியின் இடத்தையும் குறியீடற்ற அளவுகாட்டிகளையும் போதாத பயிற்சியையும் சேர்த்தே சுட்டியது. அப்பிடியை வலப்புறம் திருப்பினால் இடத் தொட்டி திறக்கும். கீழ்நோக்கித் திருப்பினால் வலத் தொட்டி. மேல்நோக்கினால் இரண்டும் அடைபடும். எது எதுவெனக் காட்ட அதன்மேல் ஓர் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.