எல்லைகளின் நூற்றாண்டு – 17: திருத்தணி வந்தது, சத்தியவேடு போனது

1960 மார்ச் 31 இரவு ஆந்திரப் பிரதேசத்தில் படுத்த திருத்தணிக்காரர்கள், மறுநாள் காலை சென்னை மாநிலத்தில் கண்விழித்தார்கள். அந்த ஊரில் 1888இல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர். அவர் பிறந்த திருத்தணி தமிழர் பக்கம் வந்தது. பள்ளிப் பருவத்தில் படித்த திருப்பதி ஆந்திரப் பக்கமே நின்றது.

கார்வேட்நகர் ஜமீனில் அடங்கியிருந்த ஊர் திருத்தணி. 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை வெள்ளையர் அரசு அமைத்தபோது அதில் சேர்ந்தது. எல்லாமே சென்னை மாகாணமாக இருந்த காலம்; யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு போனது.

வடக்கெல்லைப் போராட்டம் அதற்கு முன்பே மூண்டுவிட்டது. சுற்றுவட்டாரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்த ஆசிரியர் மங்கலங்கிழார், திருத்தணி விநாயகம், தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம் ஆகியோர் முன்னின்றார்கள். ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்ற முழக்கம் ஊர் ஊராக எழுந்தது. மறியல் நடந்தது, தொண்டர்கள் சிறை சென்றார்கள். தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகச் சொன்ன வேங்கடம், அதாவது திருப்பதி மலை, கைக்கு வரவில்லை. திருத்தணி முருகன் மலையாவது வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் தளரவில்லை.

எல்லைத் தகராறைத் தீர்க்க, சட்ட வல்லுநர் ஹெச்.வி.படாஸ்கரை இரு மாநிலங்களும் நடுவராக ஏற்றன. 1947இல் பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் இந்தியா–பாகிஸ்தான் கோட்டை இழுத்தார். லட்சக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. படாஸ்கரோ கிராமத்தையே அலகாகக் கொண்டார். அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்தக் கிராமம் எந்த மாநிலத்தை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். அந்த வழியில் யாரும் வீட்டைவிட்டு ஓடவேண்டி வரவில்லை. 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஆனால் அது பரிமாற்றம் என்பதை வெற்றி விழாக்களில் அதிகம் யாரும் பேசுவதில்லை. திருத்தணியும் பள்ளிப்பட்டும் வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான்.

கிராமத்தை அலகாக்கினாலும், கிராமத்துக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு எந்தக் கணக்கும் விடை தருவதில்லை. கும்மிடிப்பூண்டி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோர் ஏராளம். தமிழை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், பத்தாண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. 2016இல் மொழிச் சிறுபான்மை மாணவர்கள் உயர் நீதிமன்றம் சென்று, தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதி பெற்றார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் இதே நியாயம் வேண்டும். நம் பக்கம் மறுத்துவிட்டு அந்தப் பக்கம் கேட்க முடியாது.

2008இல் சத்தியவேட்டை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கியது. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. சென்னைப் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்பேட்டை வரை ஓடுகிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லையைத் தினமும் கடக்கிறார்கள். ஆலைக்குள் தமிழ், தெலுங்கோடு இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. 1950களின் தலைவர்கள் எதிர்பாராத கலப்பு இது. இந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள் என்பதற்கு இரு அரசுகளும் சேர்ந்து பதில் தேடவேண்டும்.

அடுத்த வாரம்: 1955, ஆவடி காங்கிரஸ். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம், திருத்தணி இன்று இருக்கும் மாவட்டத்திலேயே பிறந்த கதை.

(தொடரும்)